பதினாறு எம்எம் வாஷர்

மாதக் கடைசி.
பதினாறு எம்எம் வாஷர், ஜிஐ:
ஏட்டில் நானூற்றுப் பன்னிரண்டு,
பெட்டியில் நானூற்று ஒன்பது.

மூன்று வாஷருக்காக யாரையும்
ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்கள்.
ஆனாலும் உறக்கம் பிடிக்கவில்லை.
ஸ்டோர்காரன் புத்தி அது,
குறைவது எதுவானாலும்
சட்டைக்குள் எறும்பு.

வெள்ளிக்கிழமை மாலை, ஜுபைல் கேம்ப்.
பி பிளாக்குக்கும் மெஸ்ஸுக்கும் நடுவே
தண்ணீர் டேங்கர் திரும்பும் இடத்தில்
நாலு வியட்நாம் பையன்கள், நேபாளி தில்பகதூர்,
பைப் ஃபிட்டர் இருதயராஜ்,
வட்டமாய் நிற்கிறார்கள்.
நடுவில் ஏதோ ஒன்று
துள்ளி ஏறுகிறது,
மனமில்லாமல் இறங்குகிறது.

ஏசிப் பெட்டிமேல் முட்டையிடும் புறாவின் இறகு நான்கு.
சைக்கிள் டியூப் ஒரு துண்டு.
அடியில், ஒன்றன்மேல் ஒன்றாய்,
என் வாஷர்கள்.

கையால் தொடக்கூடாதாம்.
முழங்கால் ஆகும், தொடை ஆகும், நெஞ்சுகூட ஆகும்.
நாளெல்லாம் ஸ்பேனர் பிடித்த கைகள்
இகாமா முடிந்துபோன இரண்டு பேர் போல
பக்கத்தில் சும்மா தொங்குகின்றன.

ஹியூதான் எண்ணுகிறான்.
மோட், ஹாய், பா, போன், நம்.
ஐந்துக்கு அவன் மொழியில் நம்.
காதைத் தீட்டிக்கொண்டேன்.
நம் என்றால் பின்னால் ஒரு சொல் வர வேண்டுமே,
நம் என்ன?
சம்பளமா, பாக்கியா, லீவா?
அதற்குள் அவன் ஆறுக்குப் போய்விட்டான்.

"என் மூணு வாஷர்!"
யார் காதிலும் விழவில்லை.
அடுத்த ஆட்டம் நாலில் இருந்தபோது
இருதயராஜ் மட்டும் திரும்பிப் பார்த்தான்,
பார்த்ததால் சறுக்கினான்,
சறுக்கியது என் பக்கம் வந்தது.

ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை வேறு.
முதலில் கைதான் நீண்டது.
ஆறு பேரும் நாலு பாஷையில் கத்தினார்கள்.
கையை இழுத்துக்கொண்டு காலை வீசினேன்.
செருப்பு மெஸ் கூரைக்குப் போனது.
இறகு எப்படியோ
ஹியூவின் முழங்காலுக்குப் போனது.

அவன் சிரிக்கவில்லை.
என் உதையையும் கணக்கில் சேர்த்து
"நம்" என்றான்.

செவ்வாயன்று ஷமால்.
ஜன்னல் விளிம்பெல்லாம் மணல்.
இருதயராஜ் கவுண்டருக்கு வந்து
எதையோ கேட்க வாயெடுத்து,
கிளவுஸ் இருக்கா என்றான்.

காற்றில் இறகு நிற்காது,
வேலிப் பக்கமே ஓடும்.
எனக்கா தெரியாது?
இருபது எம்எம் பெட்டியைத் திறந்து
கனமாய் ஒன்று எடுத்து வைத்தேன்.
சிலிப்பில், எந்த வேலைக்கு என்ற கட்டத்தில்,
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதினேன்:
காற்றுக்கு.

கையெழுத்துப் போட
இருதயராஜ்
பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான்.