பதினேழு வினாடி

ஐப்பசி மழையில், கோத்தகிரிக்கு மேலே
எட்டாம் நம்பர் லைனின் தடுப்புச்சுவர்
இரவு இரண்டு மணிக்குச் சரிந்தது.
நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை.
ரெயின்கோட்டுக்குள் கைபேசியை ஒண்டவைத்து
பதினேழு வினாடி எடுத்தேன்:
சேறு, தகரம், நெளிந்த ஊதாக் குடம்,
அப்புறம் ஒரு மாட்டின் பின்னங்கால்கள்.

சென்னையில் டெஸ்க் விழித்திருந்தது.
எத்தனை பேர் என்றது.
யாருமில்லை சார், ஒரு மாடு.
மாடா?
அந்த 'டா'வில் ஒரு கொட்டாவி இருந்தது.
நல்லா விசாரிங்க, உள்ளே ஆள் இருக்கலாம்.
இருக்கலாம் என்பது
கிளிப்புக்கு முந்நூறு வாங்குகிறவனிடம்
கேட்கப்படுவதல்ல, சொல்லப்படுவது.
இருக்கலாம் சார் என்றேன்.

ஐந்து மணிக்கு ஹம்சா பேக்கரியின் ஷட்டர் ஏறியது.
டீ வருவதற்குள் திரையில் வந்துவிட்டது:
மண்ணுக்குள் மூவர்?
மூன்று எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.
கேள்விக்குறி எதற்கு வந்ததென்று தெரியும்.
ஆணியில் மாட்டிய குடைபோல
வாக்கியத்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
நாளை யாராவது வழக்குப் போட்டால்
எல்லோரும் அதன்கீழ் ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஓடிய படம் என் மலையல்ல.
ஒரு தென்னை சரிவில் புரண்டு வந்தது.
ஆறாயிரம் அடியில், தென்னை.
ஹம்சா வர்க்கியை அடுக்கிக்கொண்டே
'கோத்தகிரி துண்டிக்கப்பட்டது' என்று வாசித்தார்.
வாசலில் மேட்டுப்பாளையம் முதல் பஸ் நின்று
இரண்டு மூட்டை முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டு போனது.
யாரும் சிரிக்கவில்லை.
சவுண்டைக் குறைத்தார், அவ்வளவுதான்.
இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறார்கள்,
மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல.

ராமாயிக்குத் திருப்பூரிலிருந்து மகள் கூப்பிட்டாள்.
இருக்கியாம்மா?
இருக்கேன், சுட்டிதான் போயிருச்சு.
நீதானா பேசறது? வீடியோல வா.
பனியன் கம்பெனி மாடிப்படியில் நின்று
யோகேஸ்வரி பெற்றவளின் முகத்தைச் சரிபார்த்தாள்.
மூக்குத்தி எந்தப் பக்கம், காட்டு.
ராமாயி கோபப்படாமல் திரும்பிக் காட்டினாள்.

மதியம் வி.ஏ.ஓ. வந்தார், பிணம் தேடி.
இல்லையென்றதும் நிம்மதியும் எரிச்சலும்
ஒரே முகத்தில் இடித்துக்கொண்டன.
மாட்டுக்கு நட்டஈடு எழுதுங்க என்றாள் ராமாயி.
அதற்குள் ஜே.சி.பி. எல்லாவற்றையும் வாரி
பள்ளத்தில் தள்ளிவிட்டிருந்தது.
எருமையா பசுவா, எங்கே அத்தாட்சி?

நான் முன்னால் போய்க் கைபேசியை நீட்டினேன்.
பார்த்தார், கடைசி வினாடிவரை.
பிறகு என் கழுத்துச் சேனல் அட்டையைப் பார்த்தார்.
இது இங்கே எடுத்ததுதானா தம்பி?

இங்கேதான் சார். நேற்றிரவு. மூன்றரை.
அது என் குடம் என்றாள் ராமாயி.
காலையில தென்னமரம் காட்டினீங்களே.

பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது.
முதலில் ஜே.சி.பி. போயிற்று, பிறகு தேயிலை,
பிறகு லைனின் கடைசி நான்கு வீடுகள்.
எதையும் வேறொன்றாகக் காட்டவில்லை,
வெறுமனே மறைத்தது.

ராமாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
மஞ்சள் பிளாஸ்டிக் காதுவில்லை, பன்னிரண்டு எண்கள்.
விடியுமுன் சேற்றைக் கையால் தோண்டி
காதோடு அறுத்தெடுத்தது.
ரத்தம் கழுவியிருந்தாள், முழுக்கப் போகவில்லை.
என் வெளிச்சம் அங்கே வந்தபோதே
அவள் மடியில் அது இருந்திருக்க வேண்டும்.
என்னிடம் சொல்லவில்லை.

வி.ஏ.ஓ. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டு வாசித்து எழுதினார்.
ஓரிடத்தில் நின்றார்.
ஒன்றா, ஏழா என்று நகத்தால் சுரண்டினார்.

என் பையில் போன் அதிர்ந்தது. டெஸ்க்.
மூன்று நாலாயிற்றா என்று கேட்பார்கள்.
எடுத்துக் காதில் வைத்தேன்.
பின்னாலிருந்து ராமாயி உரக்கச் சொன்னாள்:
ஏழு சார், அது ஏழு.

ஏழா? என்றது டெஸ்க்.