நான்கு எண்ணும் வரை

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பெரியது:
குதிரைகளோடு உங்கள் அனுபவம், விவரமாக.
எழுதினேன்.
இடது காறை எலும்பு, இரண்டு முறை.
முன்பல் ஒன்று, கில்டேர் பந்தய லாயத்தில், ஒரு ஜனவரிக் காலை.
வலது மோதிர விரல் மடங்காது:
கயிற்றைக் கையில் சுற்றக் கூடாதென்று
நன்றாகத் தெரிந்த வயதில் சுற்றியது.

நூலா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.
"இந்த விரலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்."
ஏழு பேர் வந்து பார்த்துப் போனார்களாம்.
ஒருவர் மகளின் பிறந்தநாளுக்குக் கேட்டார்.
ஒருத்தி கேரட்டோடு வந்து
தோளில் நீலம் பாய்ந்து போனாள்.
விவரம் தெரிந்த ஆள் குதிரைக் கொம்பு;
குதிரையோ அங்கேயே நின்றது,
கொம்பில்லாமலே முட்டக் கற்று.

கறுப்பும் வெள்ளையுமாய்த் திட்டுகள்.
குளம்பை மூடிய ரோமத்தில் காய்ந்த சேறு.
லாங்ஃபோர்ட் சாலையோரம், ஒரு கம்பத்தில் கண்டெடுத்தார்கள்.
குட்டியில் மாட்டிய கழுத்துப் பட்டையை
யாரும் தளர்த்தவில்லை. அவள் வளர்ந்தாள்,
பட்டை வளரவில்லை.
அறுத்தெடுத்த இடத்தில் இப்போது
வெள்ளையாய் ஒரு வளையம்.
காப்பகத்தில் வைத்த பெயர் வெல்வெட்.
அந்தப் பெயருக்கு ஒரு காதைக்கூடத் திருப்பவில்லை.

முதல் சனிக்கிழமை வண்டி காலியாகத் திரும்பியது.
இரண்டாம் சனிக்கிழமையும்.
மூன்றாவதில் சாய்பலகையில் உட்கார்ந்து
முட்டை சாண்ட்விச் தின்றேன்.
பாதியை மழை தின்றது.
நான்காம் சனிக்கிழமை தானாகவே ஏறினாள்
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
லோர்கன் படலைப் பிடிக்க, நூலா ஓட்ஸ் வாளியைக் குலுக்க,
நான் சொல்லக் கூடாத எதையோ சொல்ல,
இருட்டும் நேரத்தில்,
எங்களைவிட அவளுக்குக் குளிர் கூடியதால் ஏறினாள்.
வழி நெடுக இரும்புச் சுவரில்
தன் கருத்தைத் தெரிவித்தபடி வந்தாள்.

பிறகு நான் கற்றவை:
நீல வாளி ஆகாது. மஞ்சள் ஆகும்.
இடப்பக்கமாய்ப் போனால் பல்.
வலப்பக்கமாய்ப் போனால் யோசிப்பாள், பிறகு பல்.
தாழ்ப்பாளை உதட்டால் திறப்பாள்; திறந்து வெளியே போகமாட்டாள்.
திறக்கிறதா என்று பார்க்கிறாள், அவ்வளவுதான்.
நானும் பூட்டுவதை விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள்
எனக்கு அனுபவம் தலைக்கேறியது.
முப்பது வருடம் இதைச் செய்தவள் என்று
கயிற்றை ஒரு முறை, ஒரே முறை, சுண்டி இழுத்தேன்.
கயிறு விழுந்த இடம் அந்த வெள்ளை வளையம்.
வானம் பார்த்தேன். ராஸ்காமனில் வானம்
இவ்வளவு தாழ்வாக இருக்குமென்று
அதுவரை கவனித்ததில்லை.
அவள் நாலடி தள்ளி நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்,
அடுத்தது என்னவென்று தெரிந்த உடம்பு.
அடுத்தது வரவில்லை.
புல் ஈரத்தில் கிடந்தபடியே
உரக்கக் கேட்டேன் மன்னிப்பு.
கல் வேலிக்கு அப்பால் லோர்கனின் செம்மறிகள் மட்டும்
தலை நிமிர்ந்தன.

மாத அறிக்கையில் நூலாவுக்கு எழுதினேன்:
விபத்து, ஒன்று. தவறு, என்னுடையது.
அவள் அதைச் சட்டமிட்டு
அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.

இது மார்ச். வேலியோரம் முட்செடி மஞ்சளாய்ப் பூத்துவிட்டது.
நேற்று குனிந்து
முன்னங்கால் ரோமத்தில் விரலோட்டி, காத்திருந்தேன்.
எடையை மெல்ல மாற்றினாள்.
பிறகு குளம்பு என் உள்ளங்கையில்,
நனைந்த ரொட்டிபோல் கனமாக, சூடாக.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நான்கு.
எடுத்துக்கொண்டாள்.
பிடித்து நிறுத்தவில்லை நான்.
மடங்காத விரல் அதற்கு உதவியது.

வியாழக்கிழமை லாடக்காரன் வருகிறான்.
ஒரு காலுக்கே முந்நூறு எண்ண வேண்டும் அவனுக்கு.
எங்களிடம் நான்கு இருக்கிறது.