பார்வை நேரம்

நைட் டூட்டி முடிந்து
மருந்து அலமாரிச் சாவியை
அடுத்த ஷிஃப்ட்டின் கையில் வைத்தபோது ஏழு பத்து.
"இப்பத் தூங்கப் போனா இந்த ஞாயித்துக்கிழமையும் போச்சு"
என்றாள் ஒச்சம்மாள்.
பிலோமினாவுக்குப் பூசை இருந்தது.
"மாதா கோவிச்சுக்க மாட்டா,
அவளும் ராத்திரி முழிச்சுக் கெடந்தவதான்"
என்று தனக்கே அனுமதி கொடுத்துக்கொண்டாள்.
ரஹ்மத்நிஷா அதற்குள் ஹெல்மெட் மாட்டியிருந்தாள்.

இரண்டு வண்டி, நாலு பேர்.
நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில்
ஊர் எங்களுக்குக் கீழே
வெறும் மொட்டைமாடித் துணிகளாக ஓடியது.
பின்சீட்டில் நான் கண்ணயராமல் இருக்க
நிஷா மருந்துக் கணக்குக் கேட்டுக்கொண்டே வந்தாள்.
எழுபது கிலோ ஆளுக்கு எத்தனை எம்எல்?
தப்பாகச் சொன்னால் பிரேக் போட்டாள்.

கரட்டு மேல் கோட்டை.
பேர் தெரியவில்லை.
பலகையில் துரு தின்றது போக
'அபராதம்' என்ற ஒரு சொல்தான் மிச்சம்.
ஆடு மேய்த்த பையனிடம்
யாருடா கட்டினது என்று கேட்டோம்.
"தெரியாதுக்கா.
மேக்கால போனா நெழல் இருக்கு."

ஒச்சம்மாள் சுவரில் இரண்டு விரலை வைத்து
வாட்சைப் பார்த்தாள்.
"நாடி இல்ல. வீட்டாளுகளுக்குச் சொல்லிரலாமா?"
சிரித்தோம்.
சிரித்து முடிக்கும்போதுதான்
விடியக்காலை நாலு மணிக்குப் பதினோராம் பெட்டில்
அதே இரண்டு விரலை அவள் வைத்தது
நாலு பேருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தது.
கொஞ்ச நேரம்
ஆளுக்கொரு செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூரிப் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் பேச்சு திரும்பியது.
பிலோமினா எங்களுக்குக் கைடு ஆனாள்.
இது குதிரை லாயம், இது தானியக் குழி,
இந்த மாடத்திலிருந்து எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள்.
அத்தனையும் புளுகு.
சுவர்த் துளை வழியே பார்த்தால்
தூரத்தில் அழகர்மலையின் முதுகு மட்டும் நிஜம்.

"எல்லாஞ் சரி, ராணி எங்க ஒண்ணுக்குப் போவா?"
கேட்டது நிஷா.
யாரும் சிரிக்கவில்லை.
பன்னிரண்டு மணி நேர டூட்டியில்
ஒரு தடவை போய்வந்தால் அதையே பெரிய காரியமாக
எண்ணுகிறவர்கள் நாங்கள்.
இருந்தாலும் குழிகளை எட்டிப் பார்த்தோம்,
அறை அறையாகத் தேடினோம்.
ராஜாவின் வாளுக்குக்கூட
சுவரில் ஒரு மாடம் இருந்தது.

"சும்மா கேக்கல, எனக்கு இப்பவே வருது" என்றாள்.

கீழே ஐந்து பையன்கள்
வண்டியைச் சாய்த்து, ஸ்பீக்கரை அலறவிட்டு
மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.
இடிந்த கொத்தளத்துக்குள் நிஷாவை அனுப்பினோம்.
வாசலில் ஒச்சம்மாள்,
சுவர் பிளந்த இடத்தில் துப்பட்டாவை விரித்துப் பிலோமினா,
மதில் மேல் நான்.
இந்தக் கோட்டையில் சம்பளம் வாங்கிய எந்தச் சிப்பாயும்
இவ்வளவு கவனமாக நின்றிருக்க மாட்டான்.

"அக்கா, உள்ள என்ன இருக்கு?"

ஒச்சம்மாள் வார்டு வாசலில் பேசும் குரலை எடுத்தாள்.
"பார்வை நேரம் முடிஞ்சிருச்சு தம்பி."

எதற்கென்று தெரியாமலே
பையன்கள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு
வந்த வழியே இறங்கினார்கள்.
அப்புறம் காவல் மாறி மாறி
ஒவ்வொருத்தியும் ராணியானோம்.

மேற்கே நிழல் இருந்தது,
பையன் பொய் சொல்லவில்லை.
முதல் காவல் எனக்கு வந்தது.
மற்ற மூன்று பேரும் படுத்த உடனே தூங்கிப்போனார்கள்.
ஒச்சம்மாளின் வலது கை
தூக்கத்திலும் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது.
எடுத்துவிடலாமா என்று குனிந்து
வேண்டாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு வெள்ளாடு வந்து
பிலோமினாவின் ஷூ லேஸை மெல்ல ஆரம்பித்தது.
பாதி லேஸ் வரைக்கும் விட்டுவிட்டேன்.
அவள் குறட்டை அவ்வளவு நன்றாக இருந்தது.