எட்டிலிருந்து பன்னிரண்டு வரை

ஹல் துறைமுகத்துக்குப் பின்னால்
கண்ணாடியும் சட்டமும் விற்கும் கம்பெனியில்
தொலைபேசி எடுப்பவள் நான்.
"உங்கள் விண்டோவைப் பொருத்த வருவோம், மேடம்.
உங்களுக்கான விண்டோ
வியாழன், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை."
சேர்ந்த புதிதில்
இதை மனப்பாடமாய் ஒப்பித்தேன்.
நேரத்தில் எப்படி ஓட்டை போடுவார்கள்
என்று யாரிடமும் கேட்கவில்லை.

போடுகிறார்கள்.
ஸ்பெஷலிஸ்டின் டயரியில் ஒரு விண்டோ.
புயலுக்கும் புயலுக்கும் நடுவே
கிரேன்காரர்கள் காத்திருக்கும் விண்டோ.
என் திரையில் பதினேழு, ஒன்றன்மேல் ஒன்றாக.
காசில்லாமல் கடைத்தெருவில் நடந்தால்
அதற்கும் அந்தச் சொல்தான்.
தபால் உறையிலும் ஒன்று உண்டு,
அதன் வழியே என் பெயர் எட்டிப் பார்க்கும்
ஓர் எழுத்துக் குறைந்து.

செவ்வாயன்று டென்மார்க்கிலிருந்து லாரி வந்தது.
கையெழுத்துக்கு நின்ற டோர்பென்
சட்டங்களைத் தன் மொழியில் எண்ணினான்.
விண்டு, விண்டு என்று காதில் விழுந்தது.
"உங்களுக்கும் இதே சொல்லா?"
"எங்களுடையதைத்தானே
நீங்கள் வைத்திருக்கிறீர்கள்" என்றான்.
அந்த 'நீங்க'ளில்
என்னையும் சேர்த்துக்கொண்டான்.
சிரித்துவிட்டேன்.

மத்தியானம், ஒரு கையில் சாண்ட்விச்,
மறு கையில் அகராதி.
முன்பாதி காற்று. பின்பாதி கண்.
அதற்கும் முன்னே இங்கிருந்தவர்கள்
கண்துளை என்றார்களாம்.
பிறகு படகுகள் வந்தன.
வந்தவர்கள் கொள்ளையடித்தார்கள், உழுதார்கள்,
பெண் கட்டினார்கள்,
சுவரைக் காட்டிக் காற்றின் கண் என்றார்கள்.
துளை போயிற்று. காற்று தங்கிற்று.
படகில் வந்த சொல்லைத்
திருப்பி அனுப்ப விமானம் இல்லாத காலம்.

என்னோடு குடியிருக்கும் மரகதவல்லி
சிவகங்கைக்காரி.
அவள் ஜன்னல் என்பாள், நான் யன்னல் என்பேன்,
எது தமிழ் என்று வாரம் ஒருமுறை சண்டை.
இரண்டும் ஒரே போர்த்துக்கீசியச் சரக்கு
என்றேன் அன்றிரவு.
"சாளரம்?"
அது வடக்கிலிருந்து வந்தது.
"பலகணி?"
பல கண். பரவாயில்லை, கிட்ட வந்துவிட்டாய்.
போனைத் துழாவிக்கொண்டே இருந்தவள்
பிறகு மெதுவாகச் சொன்னாள்:
"காலதர்."
கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி.

கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.
எழுந்து போகவில்லை இருவரும்.
இந்தக் கடலோரம் ஒருவன், அந்தக் கடலோரம் ஒருவன்,
ஒருவரையொருவர் அறியாமல்
மண்சுவரை உடைத்திருக்கிறார்கள்.
வெளிச்சமும் வந்திருக்கும், தெருவும் தெரிந்திருக்கும்.
முகத்தில் மோதியதற்குத்தான்
பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் விற்பதோ காற்று நுழையாத விண்டோ.
இரட்டைக் கண்ணாடி, நடுவே ஆர்கான்,
பத்தாண்டு உத்தரவாதம்.
கண்ணைப் பொத்தச் சம்பளம்.
நாங்கள் இருப்பது நாலாம் மாடி.
யாரும் விழுந்துவிடக் கூடாதென்று
ஒரு கொக்கி, நாலங்குலத்துக்கு மேல் விடாது.
குளியலறை மூலையில் பூஞ்சணம்.
வீட்டுக்காரரின் கடிதத்தில்,
உறைக்குள்ளிருந்து நான் எட்டிப் பார்க்க,
'விண்டோவை நன்றாகத் திறந்து வைக்கவும்.'
மரகதவல்லி கொக்கியைத் தட்டிப் பார்த்தாள்.
"கால்வாசிதான் தெறக்குது.
காலதர்னா இதுதான்டி."

இன்று காலை ஒரு பெண்,
விதர்ன்ஸீயிலிருந்து, பெயர் பெக்ஸ்டன்.
அவள் வீட்டு மரச்சட்டம்
இரவெல்லாம் விசிலடிக்கிறதாம்,
நாய் அதற்குப் பதில் சொல்கிறதாம்.
"உங்கள் விண்..." என்று தொடங்கினேன்.
காற்றுக்கும் கண்ணுக்கும் நடுவே
நாக்கு நின்றுவிட்டது.
தொலைபேசிக்குள்
அவள் வீட்டு விசில் மெலிதாகக் கேட்டது.
"ஹலோ? இருக்கிறீர்களா?"
"இருக்கிறேன்" என்றேன்.
"எட்டிலிருந்து
பன்னிரண்டு வரை."