ஒரே முகூர்த்தம், இரண்டு கார்டு

முழுப்பணம் கட்டுமுன் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க என்று
முருகன்குறிச்சி செல்வின்
புதுக் கார்டை வைத்துவிட்டுப் போனான்.
வண்ணார்பேட்டை, ஜெராக்ஸ் கடை மாடி.
ஏசி இல்லாத அறை, வைகாசி.
"ரெண்டையும் ஓட்டி எழுதி வையி பேராச்சி,
நம்பர் இல்லாம அவன்ட்ட வெல பேச முடியாது"
என்றார் நயினார் அண்ணாச்சி.

இரண்டுக்கும் ஒரே கல்யாணம்:
சேரன்மகாதேவி, மூன்று கேமரா,
பன்னிரண்டு நிமிடச் சுருக்கம்.

காலண்டர் தாளின் முதுகில் கோடு போட்டேன்.
பழசு: நாற்பத்தொரு நிமிடம், பத்து நொடி. சூடு எண்பத்தாறு.
புதுசு: ஐந்து நிமிடம், இருபது நொடி. சூடு அறுபத்திரண்டு.
சத்தம் என்ற கட்டத்தில் என்ன எழுத?
புதுசின் பக்கம் காதை வைத்தால்
கீழே ஜெராக்ஸ் மிஷின்தான் கேட்கிறது.

பழசு,
கோயம்புத்தூரில் எவனோ ஒருவனுக்கு
இரண்டு வருடம் இரவும் பகலும்
கண்ணுக்குத் தெரியாத காசு தோண்டிக் கொடுத்துவிட்டு
பாதி விலைக்கு எங்களிடம் வந்தது.
இரண்டு விசிறியில் ஒன்றுக்கு இறக்கை கிடையாது.
சூடேறினால்
தவில்காரர் விரல்கூட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் டக், டக்.
"சவம், இன்னைக்கு நின்னுரும்" என்று
ஆறு வருடமாகச் சொல்லிவருகிறோம்.
என் சம்பளம்தான் நின்ற இடத்தில் நின்றது.

அதில் ஓட்டினால் படம் தாவும்.
தாலியை எடுக்கும் கை.
அடுத்து, முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கும் கை.
நடுவில் உள்ளது என் கண்ணுக்கு வராது.
கெட்டிமேளம் திரையில் முள்ளாக எழும்பும் இடம் பார்த்து
குத்துமதிப்பாக வெட்டப் பழகிக்கொண்டேன்.

புதுசு தாவவில்லை.
எண்ணெய் தடவினாற்போல் போனது.
மாப்பிள்ளையின் சுண்டுவிரல் நடுங்கியது.
முடிச்சு ஒருமுறை நழுவியது.
நாத்தனார் பின்னாலிருந்து கையை நீட்டியபோது
பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
அவனை இல்லை. கேமராவை இல்லை.
மண்டபத்தின் பக்கவாசலை.

நொடிக்கு ஐம்பது படம் என்ற கணக்கில்
பதினொரு படம்.
பன்னிரண்டாவதில் குனிந்துவிட்டாள்.

யாரை?
இரண்டாவது கேமராவை அதே நொடிக்கு இழுத்து வந்தேன்.
பக்கவாசலில் ஒரு சாம்பார் வாளி இருந்தது.
ஆள் இல்லை.

பழசு இதை விழுங்கிவிட்டதோ என்று
அது செய்து முடித்த கோப்பைத் திறந்து
ஒவ்வொரு படமாக நகர்த்தினேன்.
இருந்தது. பதினொன்றும்.
நாற்பத்தொரு நிமிடம் வெந்து
ஒன்றையும் விடாமல் எழுதி வைத்திருந்தது.
எனக்குக் காட்டத்தான் அதற்கு மூச்சுப் போதவில்லை.

ஆறு வருடம்.
அம்பை, களக்காடு, நாங்குநேரி, திசையன்விளை.
எத்தனை வீட்டுக்கு
வெல்வெட் பெட்டிக்குள் பென்டிரைவாக
நான் பார்க்காத பார்வைகளை
என் கையாலேயே கொடுத்து அனுப்பியிருப்பேன்.
ஒருத்தரும் திரும்பி வந்து ஒன்றும் கேட்டதில்லை.

செல்வின் போன் செய்தான்.
"எக்கா, எப்பிடிப் போகுது?"
"எட்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி."
"பொறவு என்ன, வாங்கிர வேண்டியதான?"
"அண்ணாச்சி வாங்குவாரு. நீ வெலையக் கொற."

தாளைக் கொடுத்தேன்.
நேரம், சூடு, கரண்ட்.
பதினொன்றுக்கு அதில் கட்டம் போடவில்லை.
அந்த இடத்தை அட்சதை விழுவதை வைத்து மூடினேனா
அப்படியே விட்டேனா என்பது
எனக்கும் சேரன்மகாதேவிக்கும்.

பழசைத் தூரப் போடவில்லை.
தூசி ஊதி, இரண்டாவது மிஷினில் மாட்டியிருக்கிறேன்.
ரிசப்ஷன் வேலை எல்லாம் இனி அதற்கு.
அங்கே எல்லாரும்
கேமராவைத்தான் பார்ப்பார்கள்.