ஒன்பது விசில்

கருவி இரவல்.
ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்று
நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்
ஆய்வக உதவியாளர் எபனேசர்.
காட்பாடியில் ரயிலேறி ஆம்பூரில் இறங்கி
பேரணாம்பட்டு பஸ்ஸில் நின்றபடி போகிறேன்,
துப்பட்டாவில் சுற்றிய அளவியோடு.

பதினேழு கிணறு, ஒன்பது கைபம்பு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பி, ஒரு சீட்டு,
நேரம், ஆழம், வாடை இருந்தால் வாடை.
முனையை முக்கினால்
எண் ஓடும், தயங்கும், நிற்கும்.
இரண்டாயிரத்து நானூறு.
அடுத்த தெருவில் மூவாயிரத்து நூறு.
குனிந்து எழுதுகையில் பாலாறு தெரிகிறது.
நடு ஆற்றில் சீமைக்கருவேலம்,
அதன் நிழலில் ஒரு பைக்.

"இதையும் பாருக்கா" என்று
கோலிசோடா நீட்டினான் ஒரு பொடியன்.
பார்த்தேன். அதற்கும் எண் வந்தது.

அக்டோபர் இரண்டு, கிராம சபை.
நாட்டு நலப்பணித் தொப்பியைச் சரிசெய்து
அட்டவணையை வாசித்தேன்:
அனுமதித்த அளவு, மீறிய மடங்கு,
எந்த நிதியில் கேட்கலாம், எந்தப் பிரிவில்.
செயலர் பேனா மூடியே இருந்தது.
"தண்ணி நல்லாருக்கா இல்லியா, அதச் சொல்லும்மா."
மேலும் ஆய்வு தேவை என்றேன்.
என் காதுக்கே அது கொட்டாவி போலக் கேட்டது.

ஷூ கம்பெனிக்கு விடுமுறை என்று வந்திருந்த தில்ஷாத்
(என் வயதுதான், விரலில் பசை காய்ந்த தடம்)
உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"மூணு விசில்ல வேகுற பருப்பு
எங்க தெருத் தண்ணில ஒம்போது விசில் ஆவுது.
சிலிண்டர் இருபது நாள் வரல.
அந்தக் காச இன்னா கணக்குல எழுதுவீங்க?"

மூடி கழன்றது.

அன்றிரவு ரயிலில்
அட்டவணையில் புதிதாய் ஒரு பத்தி இழுத்தேன்: விசில்.

இரண்டு சனிக்கிழமை, அவள் சமையலறை,
ஒரே குக்கர், ஒரே கடைத் துவரம்பருப்பு,
நூறு நூறு கிராம்.
ஒப்பிட, கல்லூரியிலிருந்து காய்ச்சி வடித்த நீர்.
விசிலை அவள் எண்ணினாள்,
என் எண்ணிக்கையை நம்பாமல்.
வரைபடத்தில் புள்ளிகள் ஒழுங்காக ஏறின.
பள்ளிவாசல் கிணறு மட்டும் வரிசைக்கு வரவில்லை.
ஏனென்று இன்னும் தெரியாது. அதையும் எழுதியிருக்கிறேன்.

திங்கள், குறைதீர் நாள்.
ஆட்சியர் அலுவலக வரிசையில் நூற்றுப் பதினான்காவது ஆள்.
இணைப்பு: அட்டவணை ஒன்று, வரைபடம் ஒன்று,
ஒன்பது விசிலுக்குப் பின்னும் வேகாத பருப்பு ஐம்பது கிராம்,
உலர்த்தியது.
"இது எந்தத் துறைம்மா?"
குடிநீரா, எரிவாயுவா, ஊராட்சியா
என்று நான் அடுக்கும்போதே
பொட்டலத்தைப் பிரித்து ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்தார்.
நசுங்கவில்லை.
முத்திரைக் கட்டையை மையில் ஒற்றிக் கையில் பிடித்தபடி
எங்கே குத்துவது என்று தேடுகிறார்.