பார்சலா?

ஞாயிற்றுக்கிழமை வண்டியிலிருந்து பையை இறக்கினால்
அறுநூறு ரூபாய் இன்சென்டிவ் போச்சு.
ஆகவே அன்று தின்பது
அறுநூறு ரூபாய்க்காவது ருசிக்க வேண்டும்.
இது ஜெசிந்தாவின் கணக்கு.
கார்மென்ட்ஸில் காலர் தைப்பவள்,
ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிடுவாள்.

எனக்கு இந்த ஊரின் ஓட்டல்களை
முதுகுப் பக்கமாகத்தான் தெரியும்.
கோரமங்களாவில் மூங்கில் விளக்குத் தொங்கும் இடத்தின் பின்சந்தில்
நேற்றைய எண்ணெய் டின்னில் ஆறிக்கொண்டிருக்கும்,
நாளைக்கு.
இந்திராநகரில் மூன்று பெயர், மூன்று மெனு,
சாம்பார் அண்டா ஒன்று.
ஆடுகோடியில் ஒரு மாஸ்டர் மட்டும்
தான் வைத்ததைத் தானே நின்றபடி தின்பார்.
அங்கே போகலாம் என்றேன்.
"அதுக்கு எதுக்கு பெட்ரோல்?" என்றாள்.

ஹொஸ்கோட்டே. நாலு மணிக்குத் தொடங்கிய பிரியாணி வரிசை
ஆறரைக்கும் குறையவில்லை.
முழங்கால் கவசம் போட்ட பையன்கள்
அண்டா திறப்பதை வீடியோ எடுக்கிறார்கள்.
வாசனை ஹெல்மெட்டுக்குள் புகுந்து
வெளியேற மறுக்கிறது.
நிறுத்தலாமா என்று தோளைத் தட்டினாள்.
ஆறு நாள் வரிசையில் நிற்கிறேன்,
அடுத்தவர் பசிக்கு.
நிறுத்தவில்லை.

மாலூர் ரோடு. செங்கல் சூளைப் புகை,
பனிக்குள் இரண்டாம் கியரை விடாத ஒரு டிராக்டர்.
முதல் கடையைக் கழித்தேன்: பலகையில் நாற்பது அயிட்டம்.
அடுத்ததில் கல்லாக்காரரைத் தவிர யாரும் சாப்பிடவில்லை,
அவரும் பன்னைத்தான்.
அதற்கடுத்தது நன்றாகவே இருந்தது. மனசில்லை.
"பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தானா?"
பின்னாலிருந்து குரல்.

பிறகு அது. பெயரில்லை. தகரக் கூரை,
லாரி டயருக்குள் ஒரு கறிவேப்பிலைச் செடி.
வாசலில் குடம், அதன்மேல் கவிழ்த்த டம்ளர்,
யாரையும் கேட்டு எடுக்க வேண்டியதில்லை.
போன மே மாதம் மடிவாளாவில் ஒருவன்
"டெலிவரி ஆளுங்களுக்கு வெளிய குழாய் இருக்கு" என்றான்.
குழாய் இருந்தது.

வண்டியை நிறுத்தினேன்.
உள்ளே அவரைக்காய் சாறு கொதிக்கிறது.
நான் போய் கல்லாவுக்குப் பக்கவாட்டில் நின்றேன்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல், சுவரோரம்,
யாருக்கும் வழி மறிக்காமல்.
களி உருட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.
"பார்சலா?"

வாய் திறந்தது.
ஆர்டர் நம்பர்தான் வரப்பார்த்தது.

"இல்லே" என்றாள் ஜெசிந்தா.

தமிழில் அதற்கு இல்லை.
கன்னடத்தில், இங்கேயே.
எதில் சொன்னாளோ,
அந்த அம்மா இரண்டு தட்டை எடுத்துத் துடைத்தார்.

ஹெல்மெட்டுக்கு இடமில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.
முதல் கவளத்திலேயே நாக்கு வெந்தது.
நான் கொண்டுபோன எதுவும்
இந்தச் சூட்டில் யாருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

இரண்டு பேருக்கும் நூற்றிருபது.
"இன்னும் நானூத்தி எம்பது பாக்கி இருக்கு" என்று
அவள் இன்னொரு உருண்டைக்குக் கை காட்டினாள்.